எட்டா, நாலரையா? புரதத் தொடுகைகள் பற்றி வாசகர் கேள்விகள்

புரதத்துக்குள் அமினோ அமிலங்கள் எங்கெங்கே ஒன்றையொன்று தொடுகின்றன என்பதைக் கணினியில் எப்படிக் கணக்கெடுக்கிறார்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் ஆறை இங்கே எடுத்துக்கொள்கிறேன். இரண்டுக்கு விடை நீண்டுவிட்டது, குறுக்க மனம் வரவில்லை.

மேடம், எம்.எஸ்ஸி. ப்ராஜெக்டுக்காகத் தொடுகைகள் எடுக்கிறேன். கைடு 8 ஆங்ஸ்ட்ராம் போடச் சொல்கிறார். நான் படித்த கட்டுரையில் 4.5 என்று இருக்கிறது, இன்னொன்றில் 6.5. எது சரி? (மாணவி, திருச்சி)

மூன்றுமே சரிதான் (ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு). எதிலிருந்து எதுவரை அளந்தார்கள் என்பதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பார்ப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது.

8 என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு அமினோ அமிலத்தின் சி-ஆல்பா அணுவிலிருந்து, அதாவது பக்கச் சங்கிலி கிளைக்கும் கார்பனிலிருந்து, இன்னொன்றின் சி-ஆல்பா வரை அளக்கிறார்கள், சிலர் பக்கச் சங்கிலியின் முதல் கார்பனான சி-பீட்டாவிலிருந்து சி-பீட்டா வரை (கிளைசினுக்குப் பக்கச் சங்கிலியில் கார்பனே கிடையாது, அதற்கு மட்டும் சி-ஆல்பாவையே எடுத்துக்கொள்வார்கள்). 4.5 அல்லது 5 என்றால், ஹைட்ரஜனை விட்டுவிட்டு, இந்த அமினோ அமிலத்தின் ஏதாவது ஒரு அணு அந்த அமினோ அமிலத்தின் ஏதாவது ஒரு அணுவுக்கு அவ்வளவு அருகில் இருந்தால் போதும் என்று பொருள். 6.5 என்பது மியாசாவாவும் ஜெர்னிகனும் 1985ல் எந்த அமினோ அமிலம் எதோடு அதிகம் ஒட்டுகிறது என்று எண்ணி அதிலிருந்து ஆற்றல் மதிப்புகளை எடுத்தபோது, பக்கச் சங்கிலியின் நடுப்புள்ளியிலிருந்து நடுப்புள்ளிக்கு வைத்த எல்லை.

உங்கள் கைடு 8 சொன்னதற்குப் பின்னால் ஒரு நல்ல பரம்பரையும் இருக்கிறது. மணவாளனும் பொன்னுசாமியும் 1978ல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரையில் ஒவ்வொரு அமினோ அமிலத்தைச் சுற்றியும் 8 ஆங்ஸ்ட்ராம் ஆரத்துக்கு ஒரு கோளம் போட்டு, அதற்குள் வரும் அண்டைவீட்டார் எவ்வளவு தண்ணீருக்குப் பயந்தவர்கள் என்று கூட்டிப் பார்த்தார்கள். அப்புறம் 2001ல் மைக்கேல் குரோமிகாவும், உங்கள் ஊர் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் செல்வராஜும் அதே 8ஐ வைத்து, சங்கிலியில் குறைந்தது 12 இடம் தள்ளியிருந்தும் மடிந்த பிறகு பக்கத்தில் வந்துவிடும் ஜோடிகளை மட்டும் எண்ணி, அந்த எண்ணிக்கைக்கும் புரதம் மடியும் வேகத்துக்கும் உறவு உண்டு என்று காட்டினார்கள். அப்படிப்பட்ட நெடுந்தூரத் தொடுகைகள் கூடக்கூட மடிவது மெதுவாகிறது.

கணக்கு ஒன்றும் பெரிதில்லை, ஒரு தடவையாவது கையால் போட்டுப் பாருங்கள். பிடிபி என்ற புரத அமைப்புத் தரவு வங்கியின் கோப்பில் ATOM (அணு) என்று தொடங்கும் ஒவ்வொரு வரியிலும் 31ஆவது எழுத்திடத்திலிருந்து 54 வரை மூன்று எண்கள் இருக்கும், அவைதான் அந்த அணுவின் முகவரி. ஒரு சி-ஆல்பா 12.0, 5.0, 8.0 என்ற இடத்திலும் இன்னொன்று 14.0, 8.0, 14.0 என்ற இடத்திலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 2, 3, 6. வர்க்கங்களைக் கூட்டினால் 49, வர்க்கமூலம் 7. எட்டுக்குள் வந்துவிட்டது, தொடுகை என்று எழுதிக்கொள்ளலாம்.

ஆனால் நிஜமாகவே தொடுகிறதா? அங்கேதான் கவனம் வேண்டும். இரண்டு வீடுகளின் பின்சுவர் ஒட்டியிருக்கும், வாசல் வேறு வேறு தெருவில் இருக்கும். அதைப் போல சி-ஆல்பாக்கள் 7 ஆங்ஸ்ட்ராமில் இருந்தாலும் பக்கச் சங்கிலிகள் எதிரெதிர்த் திசையில் நீண்டிருந்தால் அவற்றுக்குள் பேச்சுவார்த்தையே கிடையாது. இதற்கு நேர்மாறாக ஆர்ஜினினும் குளூட்டமேட்டும் சி-ஆல்பா அளவில் 10, 11 ஆங்ஸ்ட்ராம் தள்ளியிருந்தும், நீண்ட கைகளை நீட்டி நுனியில் உப்புப் பாலம் (எதிரெதிர் மின்னேற்றங்களின் பிணைப்பு) போட்டுக்கொண்டிருக்கும். 8 வைத்தவர் முதல் ஜோடியைச் சேர்த்துக்கொண்டு இரண்டாவதைத் தவறவிடுவார். புரதத்தின் மொத்த மடிப்பைப் பற்றிய கேள்வி என்றால் 8 போதும். ஒரு குறிப்பிட்ட ஜோடி ஏன் முக்கியம் என்று கேட்கிறீர்கள் என்றால் அணு அளவில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

இன்னும் ஒன்று. சங்கிலியில் அடுத்தடுத்து உள்ள இரண்டு சி-ஆல்பாக்களுக்கு நடுவே அநேகமாக எப்போதும் ஏறக்குறைய 3.8 ஆங்ஸ்ட்ராம்தான். ஆல்பா சுருளில் நான்கு இடம் தள்ளியிருப்பவையும் 6 சொச்சத்தில் வந்துவிடும். இவற்றையெல்லாம் கூட்டினால் எந்தப் புரதத்துக்கும் பெரிய எண் வரும், அதில் செய்தி எதுவும் இருக்காது. எத்தனை இடம் தள்ளியிருந்தால் எண்ணுவீர்கள் என்று முதலிலேயே முடிவு செய்து, ஆய்வேட்டின் செய்முறைப் பகுதியில் எழுதிவையுங்கள். அப்புறம் 7, 8, 9 மூன்றிலும் ஓட்டிப் பாருங்கள். 8ல் மட்டும் வந்து மற்ற இரண்டிலும் மறைந்துபோகும் முடிவை நான் நம்பமாட்டேன்.

தமிழ்ப் பாடநூலில் 'எச்சம்' என்று போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். வேறு சொல் இல்லையா? (பள்ளி ஆசிரியர், திண்டுக்கல்)

எச்சம் நல்ல சொல்தான் ஐயா. இரண்டு அமினோ அமிலங்கள் சேரும்போது ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியே போய்விடுகிறது, அது போக மிஞ்சியது சங்கிலியில் நிற்கிறது. பெயரெச்சம், வினையெச்சம் படித்த பிள்ளைகளுக்கு மிஞ்சி நிற்பது என்ற பொருளைச் சொன்னால் உடனே பிடிபட்டுவிடும்.

நீலகிரியில் செவிலியராக இருக்கிறேன். சிக்கிள் செல் (அரிவாள் வடிவ ரத்த அணு) நோய் உள்ள பிள்ளைகளைப் பார்க்கிறோம். ஹீமோகுளோபினில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதால் வந்தது என்று பயிற்சியில் சொன்னார்கள். இத்தனை வலி ஒரே ஒன்றால் எப்படி வரும்? (வாசகி, நீலகிரி மாவட்டம்)

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இந்தியாவில் இந்த மாற்றம் முதன்முதலில் பதிவானதே உங்கள் மலையில்தான். லேமனும் கட்புஷும் 1952ல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் ரத்தம் பரிசோதித்து அதை வெளியிட்டார்கள். இது மூலக்கூறிலேயே உள்ள நோய் என்று பாலிங் குழு 1949ல் சொல்லியிருந்தது. எந்த இடத்தில் என்ன மாறியது என்று இங்கிராம் 1956, 57ல் கண்டுபிடித்தார்: பீட்டா சங்கிலியின் 6ஆவது இடத்தில் குளூட்டமிக் அமிலம் போய் வாலின் வந்திருக்கிறது.

ஒரு ஹீமோகுளோபினில் இரண்டு ஆல்பா, இரண்டு பீட்டா, மொத்தம் 574 அமினோ அமிலங்கள். அதில் மாறியவை இரண்டே இரண்டு, பீட்டாவுக்கு ஒன்று வீதம். குளூட்டமேட்டுக்கு மின்னேற்றம் உண்டு, தண்ணீரோடு ஒத்துப்போகும், புரதத்தின் மேற்பரப்பில் நிம்மதியாக இருக்கும். வாலின் எண்ணெய்த் தன்மை உள்ளது. தண்ணீரில் நிற்கப் பிடிக்காது, ஒண்டிக்கொள்ள இடம் தேடும்.

அந்த இடம் பக்கத்து ஹீமோகுளோபினில் இருக்கிறது. அதன் பீட்டா சங்கிலியில் 85ஆவது ஃபீனைல்அலனினும் 88ஆவது லியூசினும் சேர்ந்து ஒரு சிறு குழியை உண்டாக்குகின்றன, அதுவும் எண்ணெய்த் தன்மை உள்ளது. 1997ல் வெளியான 2எச்பிஎஸ் என்ற படிக அமைப்பைத் திறந்து, 6ஆவது வாலினிலிருந்து 4.5 ஆங்ஸ்ட்ராமுக்குள் பக்கத்து மூலக்கூறில் என்ன இருக்கிறது என்று கேட்டால், இந்த இரண்டின் பெயரும் பட்டியலில் வந்து நிற்கும். வாலின் அந்தக் குழிக்குள் பொருந்தி உட்கார்ந்திருப்பதைத் திரையில் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். நான் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் உங்கள் வார்டில் இருப்பது போன்ற ஒரு குழந்தையின் நினைவு வராமல் இருந்ததில்லை.

நுரையீரலில் ஆக்ஸிஜன் ஏறியிருக்கும்போது ஹீமோகுளோபினின் வடிவம் வேறு, வாலின் அங்கே சரியாக உட்காராது. திசுக்களில் ஆக்ஸிஜனை இறக்கிய பிறகுதான் பொருத்தம் வருகிறது. ஒன்றின் வாலின் இன்னொன்றின் குழிக்குள், அதனுடையது அடுத்ததில் என்று கோத்துக்கொண்டே போய், 14 இழை திரித்த கயிறு போல நீண்டு வளர்கிறது. சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் ஏற்கெனவே நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதால் சேர ஆள் பஞ்சம் இல்லை. அந்தக் கயிறுகள் உள்ளிருந்து முட்டித்தான் சிவப்பணு அரிவாள் போல வளைந்து விறைத்துப்போகிறது.

இதில் உங்கள் அன்றாட வேலைக்கு நேராக வரும் ஒரு விஷயம் இருக்கிறது. கயிறு உருவாகத் தொடங்குவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த நேரம் ஹீமோகுளோபினின் செறிவை மிகக் கடுமையாகச் சார்ந்தது, ஆய்வகக் கரைசல்களில் அளந்தபோது செறிவின் ஏறக்குறைய 30ஆம் அடுக்கு வரை வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: செறிவு 10 சதவீதம் குறைந்தால் காத்திருக்கும் நேரம் 20 மடங்குக்கு மேல் நீளும். அதற்குள் சிவப்பணு நுண்குழாயைத் தாண்டி நுரையீரலுக்குத் திரும்பி ஆக்ஸிஜனை ஏற்றிக்கொண்டால் தப்பித்தது. தண்ணீர் நிறையக் குடி என்று அந்தப் பிள்ளைகளிடம் நீங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது ஏனென்று இப்போது புரியும். உடலில் நீர் வற்றினால் சிவப்பணுவிலும் வற்றும், செறிவு ஏறும், அந்த நேரம் சுருங்கிவிடும்.

மருந்தும் இதே தொடுகையைச் சுற்றித்தான். ஹைட்ராக்ஸியூரியா கொடுப்பதன் முக்கியப் பயன், கருவில் இருந்தபோது ஓடிய ஹீமோகுளோபினைக் கொஞ்சம் திரும்ப வரவழைப்பது. அந்தக் கருக்கால ஹீமோகுளோபினில் 87ஆவது இடத்தில், அதாவது குழியை ஒட்டியே, திரியோனினுக்குப் பதில் குளூட்டமின் இருக்கிறது. அது இருந்தால் கயிறு சேராமல் இடறுகிறது. இந்த ஒற்றை மாற்றத்தையே பீட்டா மரபணுவில் வைத்துத் தயாரித்த மரபணு சிகிச்சைக்கு அமெரிக்காவில் 2023 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. இப்போதைக்கு அதன் விலை நம் மக்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது, அது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். ஹைட்ராக்ஸியூரியா கைக்கெட்டும் மருந்து. அது பிள்ளைகளுக்குத் தடைபடாமல் கிடைக்க உங்களைப் போன்றவர்கள்தான் அலைகிறீர்கள் என்று தெரியும்.

அதே மாற்றத்தை ஓர் ஆய்வக ரிப்போர்ட்டில் 7ஆவது இடம் என்று போட்டிருந்தார்கள். தவறா? (அதே வாசகி)

தவறில்லை. மரபணுவிலிருந்து எண்ணினால் முதலில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் ஒன்று வரும், புரதம் தயாராகும்போதே செல் அதை வெட்டி எறிந்துவிடும். அதையும் சேர்த்து எண்ணினால் 7, சேர்க்காவிட்டால் 6.

2எச்எச்பி, 1எச்எச்ஓ என்ற இரண்டு ஹீமோகுளோபின் பிடிபி கோப்புகளையும் ஒப்பிட்டேன். ஆக்ஸிஜன் இல்லாத முதல் கோப்பில் ஆல்பாவுக்கும் பீட்டாவுக்கும் நடுவே நிறையத் தொடுகைகள் இருக்கின்றன. ஆக்ஸிஜன் ஏறிய இரண்டாவதில் பாதிக்கு மேல் காணோம். ஆக்ஸிஜன் ஏறினால் இவ்வளவு உடைகிறதா? (மென்பொருள் பொறியாளர், பெங்களூரு)

உடையவில்லை, உங்கள் கோப்பில் பாதி மூலக்கூறுதான் இருக்கிறது. 1எச்எச்ஓ கோப்பில் ஒரு ஆல்பா, ஒரு பீட்டா மட்டும் எழுதியிருப்பார்கள். படிகத்தில் மற்ற பாதி இந்தப் பாதியைச் சுழற்றி வைத்தால் அப்படியே கிடைத்துவிடும் என்பதால் அதைத் திரும்ப எழுதுவதில்லை. ரிமார்க் 350 என்ற வரிகளில் எப்படிச் சுழற்ற வேண்டும் என்ற கணக்கு இருக்கும். அதைச் செய்ய நேரமில்லை என்றால் தரவிறக்கும்போதே பயாலஜிகல் அசெம்பிளி என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

நீங்கள் இழந்தது சாதாரணப் பாதியும் இல்லை. ஒரு ஜோடியின் ஆல்பாவுக்கும் எதிர் ஜோடியின் பீட்டாவுக்கும் நடுவில் உள்ள அந்த முகப்பில்தான் ஆக்ஸிஜன் ஏறி இறங்கும்போது நழுவல் நடக்கிறது. ஆக்ஸிஜன் இல்லாதபோது ஆல்பா 42ஆவது டைரோசின் எதிர் பீட்டாவின் 99ஆவது அஸ்பார்ட்டேட்டோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டிருக்கும். ஏறியதும் அது விட்டுப்போய், ஆல்பா 94ஆவது அஸ்பார்ட்டேட்டும் பீட்டா 102ஆவது அஸ்பராஜினும் கைகோக்கும். முழு மூலக்கூறை வைத்து இந்த நான்கையும் மட்டும் அளந்து பாருங்கள், உங்கள் நிரல் சரியாக வேலை செய்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது எனக்கும் இதே நடந்தது. ஒரு நொதியின் செயல்மையத்தில் ஓர் ஆர்ஜினினுக்குத் துணையே இல்லை என்று மூன்று வாரம் காரணம் தேடினேன். துணை இரண்டாவது சங்கிலியில் இருந்தது, நான் அதை ஏற்றவே இல்லை. கூடவே 17ஆவது எழுத்திடத்தையும் பார்த்துவிடுங்கள், அங்கே ஏ, பி என்று இருந்தால் ஒரே பக்கச் சங்கிலி இரண்டு நிலைகளில் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டையும் சேர்த்து எண்ணினால் இல்லாத தொடுகைகள் முளைக்கும்.

ராமச்சந்திரன் வரைபடத்துக்கும் நீங்கள் சொல்லும் தொடுகைக்கும் சம்பந்தம் உண்டா? (பிளஸ் டூ மாணவர், மதுரை)

சம்பந்தம் என்ன தம்பி, அந்த வரைபடமே தொடுகைக் கணக்குதான். ஜி.என். ராமச்சந்திரன் 1952ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்கு வந்து, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்துக்கு மூன்று இழை முறுக்கிய அமைப்பைச் சொன்னார். 1955ல் ரிச்சும் கிரிக்கும் அதில் சில அணுக்கள் ஒன்றுக்கொன்று நெருங்க முடியாத அளவுக்கு நெருங்கியிருக்கின்றன என்று எதிர்த்தார்கள். சரி, அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம் என்று ராமச்சந்திரன் குழு தேடப் புறப்பட்டது. அதுவரை தெரிந்த படிகங்களிலிருந்து தூரங்களைத் திரட்டி ஒரு பட்டியல் போட்டார்கள்: கார்பனும் கார்பனும் 3.2 ஆங்ஸ்ட்ராம், மிகமிக நெருங்கினால் 3.0. ஹைட்ரஜனும் ஹைட்ரஜனும் 2.0, நெருங்கினால் 1.9. இப்படி ஒவ்வொரு ஜோடிக்கும்.

அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சங்கிலியின் இரண்டு திருப்புக் கோணங்களையும் எல்லா அளவிலும் மாற்றி, எந்தக் கோணத்தில் அணுக்கள் முட்டுகின்றன, எதில் முட்டவில்லை என்று பார்த்தார்கள். பெரும்பகுதியில் முட்டியது. முட்டாமல் மிஞ்சிய சில தீவுகள்தான் ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 1963ல் வெளியிட்ட வரைபடம். இன்றைக்கும் புதிய புரத அமைப்பு எது வந்தாலும் அதை வைத்துச் சரிபார்க்கிறார்கள். எதிர்ப்புக்குப் பதில் சொல்லத் தொடங்கிய வேலை அது என்பதை உன் வகுப்பில் சொல்.

அமினோ அமில வரிசையிலிருந்தே புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்பாஃபோல்ட் என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் வந்துவிட்டதே, இனி தொடுகையை எண்ணுவது எதற்கு? வாலின் மாற்றிய வரிசையை அதில் போட்டாலே நோய் தெரிந்துவிடாதா? (ஆராய்ச்சி மாணவர், கோயம்புத்தூர்)

ஆல்பாஃபோல்ட் வளர்ந்த பாதையே தொடுகை வழியாக வந்ததுதான். பல உயிரினங்களில் ஒரே புரதத்தின் வரிசைகளை அடுக்கிப் பார்த்தால், ஓரிடம் மாறும்போதெல்லாம் இன்னோரிடமும் சேர்ந்து மாறுவது தெரியும். அவை மடிப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் என்ற எண்ணத்தை 1990களிலேயே முயன்றார்கள். நேரடித் தொடர்பையும் சுற்றிவளைத்து வரும் தொடர்பையும் பிரித்துப் பார்க்கும் கணக்கு 2009க்குப் பிறகு கைவந்ததும் அது பலித்தது. 2018 ஆல்பாஃபோல்ட் அமினோ அமில ஜோடிகளுக்கு நடுவே உள்ள தூரத்தைக் கணித்து அதிலிருந்து வடிவத்தைக் கட்டியது. 2020ல் வந்தது அதையும் தாண்டிப் போய்விட்டது, 2024 வேதியியல் நோபல் வரை.

அதன் கோப்பிலும் தொடுகை எண்ணலாம், எண்ணுங்கள். ஆனால் 61 முதல் 66 வரையுள்ள எழுத்திடங்களை முதலில் படியுங்கள். சோதனையில் வந்த கோப்பில் அங்கே அணுவின் ஆட்டத்தைச் சொல்லும் பி-ஃபாக்டர் இருக்கும், ஆல்பாஃபோல்ட் கோப்பிலோ அதன் நம்பிக்கை மதிப்பெண் இருக்கும். ஒன்றில் எண் கூடினால் சந்தேகம், மற்றதில் எண் கூடினால் உறுதி. 50க்குக் கீழே உள்ள பகுதியில் வரும் தொடுகைகளை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

வாலின் மாற்றிய வரிசையைப் போட்டால் ஏறக்குறைய அதே பீட்டா சங்கிலிதான் திரும்ப வரும். அது கருவியின் பிழையும் இல்லை, ஏனென்றால் நிஜத்திலும் அந்த ஒற்றை மூலக்கூறின் வடிவம் பெரிதாக மாறுவதில்லை, ஆக்ஸிஜனையும் சுமக்கிறது. மாறியது அது பக்கத்து மூலக்கூறில் எதைத் தொடுகிறது என்பதுதான். நீலகிரி வாசகிக்குச் சொன்ன 2எச்பிஎஸ் கோப்பை இறக்கி, இரண்டு மூலக்கூறுகளையும் ஏற்றி, நான்கு பீட்டா சங்கிலிகளின் 6ஆவது வாலின்களையும் ஒவ்வொன்றாக அணுகிப் பாருங்கள். கயிற்றில் ஒரு மூலக்கூறின் இரண்டு வாலின்களில் ஒன்றுதான் குழிக்குள் போகிறது, மற்றது வெளியே நிற்கிறது. எது எது என்று கண்டுபிடித்து எனக்கு எழுதுங்கள்.